ராஸ்பெரி பையின் தலையில் ஒரு போர்டு: ஹேட் வடிவமைப்பு அறிமுகம்

தொட்டிச் செடியின் மண் ஈரத்தை அளக்க வேண்டும். காய்ந்திருந்தால் ஒரு குட்டி பம்பை ஓட்ட வேண்டும். ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியை வாங்கிய பலருக்கும் முதலில் தோன்றும் புராஜெக்டுகளில் இது ஒன்று. ஆனால் பையை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. ஈரம் அளக்கும் கெப்பாசிட்டிவ் சென்சார் தருவது 0 முதல் 3 வோல்ட்டுக்குள் ஏறி இறங்கும் அனலாக் சிக்னல். பையில் அனலாக் உள்ளீடு ஒன்றுகூடக் கிடையாது. பம்புக்குத் தேவை 12 வோல்ட்டும் சில நூறு மில்லிஆம்பியரும். பையின் ஒரு பின் கொடுப்பது 3.3 வோல்ட், அதுவும் ஓர் எல்இடியை எரிய வைக்கும் அளவுக்குத்தான் கரன்ட்.

நடுவில் ஓர் ஏடிசி சிப் (அனலாக் சிக்னலை எண்ணாக மாற்றுவது), ஒரு மாஸ்ஃபெட் (ஸ்விட்ச் மாதிரி வேலை செய்யும் டிரான்சிஸ்டர்), ஒரு டயோடு (கரன்ட்டை ஒரே திசையில் விடுவது), நாலைந்து ரெசிஸ்டர்கள் வேண்டும். ப்ரெட்போர்டில் குத்தி ஜம்பர் வயர் இழுத்தால் மேசை மேல் நன்றாகவே வேலை செய்யும். மாடிக்கு எடுத்துப்போனால் கை பட்டு ஒரு வயர் கழன்றுவிடும். எது கழன்றது என்று தேடுவதிலேயே சாயங்காலம் போய்விடும். அதே சர்க்யூட்டை ஒரு பிசிபியில் (அச்சிட்ட சர்க்யூட் போர்டில்) போட்டு, பையின் 40 பின் ஹெடர் (ஊசி வரிசை) மேல் அப்படியே அழுத்திச் செருகினால் அதுதான் ஆட்-ஆன் போர்டு; ராஸ்பெரி பையின் விதிப்படி செய்தால் அதற்குப் பெயர் ஹேட். அப்படி ஒன்றை எப்படி வடிவமைப்பது என்று பார்ப்போம். இந்த ஈரம்-பம்ப் போர்டையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதில் சர்க்யூட் வரைவது சின்ன வேலை. அந்தச் சில பாகங்களை எப்படி இணைப்பது என்பது அவற்றின் டேட்டாஷீட்டிலேயே இருக்கும். கீழே இருக்கும் போர்டு போடும் நிபந்தனைகளைப் படித்து, அதற்குள் அடங்குவதுதான் பெரிய வேலை. வாடகை வீட்டுக்குக் குடிபோவது மாதிரிதான்: எந்தச் சுவரில் ஆணி அடிக்கலாம், மோட்டாரை எப்போது போடலாம் என்பதெல்லாம் நாம் வருவதற்கு முன்பே முடிவானவை.

நிபந்தனைகள் எங்கிருந்து வந்தன

தலைமேல் போர்டு அடுக்கும் பழக்கத்தைப் பரவலாக்கியது ஆர்டுயினோ. அதன் ஆட்-ஆன் போர்டுகளுக்கு ஷீல்டு என்று பெயர். ஆர்டுயினோ ஊனோவைக் கவனித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: டிஜிட்டல் பின் 7-க்கும் 8-க்கும் நடுவில் மட்டும் இடைவெளி ஒரு மாதிரி இருக்கும். மற்ற பின்கள் 0.1 அங்குல இடைவெளியில் இருக்க, அங்கே மட்டும் 0.16 அங்குலம். ஆரம்ப காலத்தில் வரைந்தபோது நேர்ந்த பிசகு அது. கவனிப்பதற்குள் அந்த அளவை நம்பி ஷீல்டுகள் வந்துவிட்டன. திருத்தினால் அவை எதுவும் பொருந்தாது. அதனால் இன்றுவரை அப்படியே இருக்கிறது. ஆட்-ஆன் போர்டு என்ற ஒன்று வந்துவிட்டால், அடிப்போர்டின் தப்பும் ஸ்டாண்டர்டு ஆகிவிடும்.

ராஸ்பெரி பை 2012 பிப்ரவரி 29 அன்று வெளியானபோது 26 பின் ஹெடர்தான் இருந்தது. அதற்கு மேல் போர்டு செய்தவர்கள் ஆளுக்கொரு அளவில் செய்தார்கள். 2014 ஜூலையில் மாடல் பி+ வந்தது. ஹெடர் 40 பின் ஆனது. பழைய 26 பின்களின் வரிசை மாறவில்லை. நான்கு மூலைகளில் திருகு ஓட்டைகளும் வந்தன. அதே மாதக் கடைசியில், ஆட்-ஆன் போர்டு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கான விதிமுறையை ராஸ்பெரி பை வெளியிட்டது. அந்த விதிப்படி செய்த போர்டுக்குத்தான் ஹேட் என்று பெயர். 2023 டிசம்பரில் இதன் அடுத்த வடிவமான ஹேட்+ வந்தது. அது அளவு விஷயத்தில் தாராளம், மின்சார விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பு. புதிதாகச் செய்பவர்கள் பழைய ஹேட்டின் அளவையும் ஹேட்+ சொல்லும் மின்சார விதிகளையும் பிடித்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. பழைய அளவில் செய்தால் கேஸ், ஸ்பேசர் எல்லாம் கடையில் சுலபமாகக் கிடைக்கும்.

40 பின்கள்

நாற்பதில் 5 வோல்ட்டுக்கு இரண்டு (2, 4), 3.3 வோல்ட்டுக்கு இரண்டு (1, 17), கிரவுண்டுக்கு எட்டு. 27, 28 இரண்டும் தனி வேலைக்கு ஒதுக்கப்பட்டவை; அதைப் பிறகு சொல்கிறேன். மிச்சம் 26 பின்கள்தான் நாம் தொட்டுப் புழங்கும் ஜிபிஐஓ (பொது உள்ளீடு-வெளியீட்டுப் பின்கள்).

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துக்கொள்வோம். ஹெடரில் எத்தனையாவது பின் என்பது ஓர் எண். சிப் அதை எந்த எண்ணில் அழைக்கிறது என்பது வேறு எண். ஹெடரின் 11-ஆம் பின்தான் ஜிபிஐஓ 17. ஸ்கிமேட்டிக்கில் (சர்க்யூட் வரைபடத்தில்) இரண்டையும் எழுதிவையுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் புரோகிராம் எழுதும்போது நிச்சயம் தடுமாற்றம் வரும்.

அடுத்தது, எல்லா ஜிபிஐஓவும் 3.3 வோல்ட்டுக்கானவை. 5 வோல்ட்டைத் தாங்காது. ஆர்டுயினோவில் பழகிவிட்டு வருபவர்கள் இந்த இடத்தில்தான் பையைக் கொல்கிறார்கள். நடுவில் பாதுகாப்பு எதுவும் இல்லை. ஹெடரிலிருந்து கோடு நேராகச் சிப்புக்குள் போகிறது.

சரி, நம் போர்டுக்கு எந்தப் பின்கள்? ஏடிசியாக ஏடிஎஸ்1115 எடுத்துக்கொள்வோம். 16 பிட், நான்கு உள்ளீடு, ஐ2சி என்ற இரண்டு கம்பித் தொடர்பு வழியாகப் பேசும். அதை பின் 3, பின் 5 இரண்டிலும் இணைக்க வேண்டும். ஐ2சிக்குப் புல்-அப் ரெசிஸ்டர் (கோட்டைச் சப்ளை மின்னழுத்தத்துக்கு இழுத்து வைப்பது) வேண்டும் என்று எல்லாப் பாடத்திலும் இருக்கும். இங்கே நாம் போட வேண்டியதில்லை. இந்த இரண்டு பின்களுக்கும் 1.8 கிலோ ஓம் புல்-அப் பையிலேயே 3.3 வோல்ட்டுக்கு இருக்கிறது. சிப்புக்கும் 3.3 வோல்ட்டே கொடுத்துவிடுங்கள். 5 வோல்ட்டிலும் அது ஓடும்தான், ஆனால் அந்தச் சிக்கல் நமக்கு எதற்கு?

ஏடிஎஸ்1115-இல் முகவரி பின் ஒன்று உண்டு. அதை கிரவுண்டில் இணைத்தால் முகவரி ஹெக்ஸ் (பதினாறு அடிமான எண்) 48, சப்ளையில் இணைத்தால் 49, மற்ற இரண்டு கோடுகளில் இணைத்தால் 4ஏ, 4பி என்று மாறும். கிரவுண்டில் நிரந்தரமாக இணைத்துவிடாமல், சால்டர் வைத்து மாற்றிக்கொள்ளும்படி ஒரு ஜம்பர் விடுங்கள். நாளைக்கு இதன் மேல் இன்னொரு போர்டை அடுக்கி, அதிலும் 48-இல் ஒரு சிப் இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும். வரும் எண்கள் எதற்கும் உதவாது.

பம்புக்கான பின்னைத் தேர்ந்தெடுப்பதில்தான் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஏதாவது ஒரு ஜிபிஐஓ போதும் என்று தோன்றும். ஆனால் பைக்குக் கரன்ட் வந்தவுடன், லினக்ஸ் பூட் ஆகி நம் பைத்தான் ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கும்வரை, அந்தப் பின் என்ன நிலையில் இருக்கும்? ஜிபிஐஓ 0 முதல் 8 வரை சிப்புக்குள்ளேயே மெல்லிய புல்-அப் போட்டபடி விழிக்கும். 9 முதல் 27 வரை புல்-டவுனோடு, அதாவது கிரவுண்டுக்கு இழுக்கப்பட்டு, விழிக்கும். மாஸ்ஃபெட்டைத் திறந்து மூடும் கேட் என்ற காலுக்கு மின்னழுத்தம் மட்டும் போதும், கரன்ட் அநேகமாகத் தேவையே இல்லை. ஆகவே ஜிபிஐஓ 4-இல் மாட்டினால், ஒவ்வொரு முறை பை பூட் ஆகும்போதும் பம்ப் தானாக ஓடும். கரன்ட் போய்ப் போய் வரும் நாளில் செடி மிதக்கும்.

கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் போதாதா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உள்ளே இருக்கும் புல்-அப் சுமார் 50 கிலோ ஓம். 3.3 வோல்ட்டை 50-க்கும் 10-க்கும் பங்கிட்டால் கேட்டில் நிற்பது 0.55 வோல்ட். ஏஓ3400 மாதிரியான மாஸ்ஃபெட் 0.65 வோல்ட்டிலேயே லேசாகத் திறக்க ஆரம்பிக்கலாம். மயிரிழையில் தப்பிக்கும் டிசைன் அது. ஜிபிஐஓ 17-ஐ எடுத்துக்கொண்டு, அந்த 10 கிலோ ஓமையும் போட்டுவிட்டால் கவலை இல்லை.

மற்றபடி, ஜிபிஐஓ 14, 15 சீரியல் போர்ட். 7 முதல் 11 வரை எஸ்பிஐ என்ற இன்னொரு தொடர்பு. 18 முதல் 21 வரை ஆடியோ போர்டுகள் எடுத்துக்கொள்ளும் ஐ2எஸ். நமக்குத் தேவையில்லாதபோது இவற்றைத் தொடாமல் விட்டால் வேறு போர்டோடு சேர்த்து அடுக்க முடியும்.

பம்பை ஓட்டுவது

மாஸ்ஃபெட் பம்பின் நெகட்டிவ் பக்கத்தில் ஸ்விட்ச் மாதிரி உட்காரும். ஜிபிஐஓவிலிருந்து கேட்டுக்குப் போகும் வழியில் 100 ஓம் ஒன்று. பம்பின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே தலைகீழாக ஒரு ஷாட்கி டயோடு, எஸ்எஸ்14 போதும். இந்த டயோடை விட்டுவிட்டால் முதல் நாள் எல்லாம் சரியாக ஓடுவது போலத் தெரியும். மோட்டாருக்குள் இருப்பது காயில். அதில் ஓடும் கரன்ட்டைத் திடீரென்று வெட்டினால், போக வழியில்லாமல் அது மின்னழுத்தத்தை எகிற வைக்கும். மாஸ்ஃபெட் அந்த அடியை வாங்கி வாங்கி ஒரு நாள் ஷார்ட் ஆகி நிற்கும். அப்போது பம்பும் நிற்காமல் ஓடும்.

230 வோல்ட் மோட்டாரை ஓட்டலாமே என்று தோன்றும். முதல் போர்டில் வேண்டாம். மெயின்ஸ் கோட்டுக்கும் 3.3 வோல்ட் கோட்டுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி, எந்த ரிலே, எப்படிப்பட்ட பெட்டி என்பதெல்லாம் தனிப் படிப்பு. தப்பினால் போவது போர்டு மட்டும் அல்ல.

சப்ளை

12 வோல்ட் அடாப்டர் போர்டுக்கு வந்துவிட்டது. பைக்கோ 5 வோல்ட் தேவை. ஒரு பக் கன்வெர்ட்டர் வைத்து 12-ஐ 5 ஆக்கி, ஹெடரின் 2, 4 பின்கள் வழியாகப் பைக்கே சப்ளை கொடுத்துவிட்டால் ஒரே அடாப்டரில் வேலை முடியுமே? முடியும். இதற்குப் பேக்-பவரிங் என்று பெயர். கவர்ச்சியான யோசனைதான், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு.

ஹெடர் வழியாகக் கொடுக்கும் 5 வோல்ட், பையின் யுஎஸ்பி பவர் ஜாக்கில் இருக்கும் பாதுகாப்பு எதையும் கடக்காமல் நேரே உள்ளே போகிறது. அதோடு, நம் போர்டு 5 வோல்ட் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே யாராவது வழக்கமான சார்ஜரையும் செருகினால் இரண்டு சப்ளைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். ஒன்று சற்றுக் கூடுதலாக இருந்தாலும் மற்றதற்குள் கரன்ட்டைத் தள்ளும். அதனால்தான் பேக்-பவரிங் செய்யும் ஹேட்டில், இரண்டு சப்ளை இருந்தாலும் ஆபத்தில்லாதபடி ஒரு பாதுகாப்பு டயோடு வேண்டும் என்கிறது விதிமுறை. சாதாரண டயோடில் மின்னழுத்தம் குறைந்துவிடும். ஆகவே பி-சேனல் மாஸ்ஃபெட் ஒன்றும் ஜோடி சேர்த்த பிஎன்பி டிரான்சிஸ்டர் இரண்டும் கொண்ட ஒரு சின்ன சர்க்யூட்டை அதுவே வரைந்தும் காட்டுகிறது. புரிந்தால் போடுங்கள். புரியவில்லையென்றால் இரண்டு அடாப்டரையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு கிரவுண்டை மட்டும் பொதுவாக்குங்கள். பார்க்க அழகாக இருக்காது, அவ்வளவுதான்.

3.3 வோல்ட் பின்னில் நிறைய எடுக்க முடியாது. பழைய மாடல்களையும் மனதில் வைத்து, 50 மில்லிஆம்பியருக்குள் நிற்பது வழக்கம். ஏடிஎஸ்1115 தின்பது ஒரு மில்லிஆம்பியர்கூட இல்லை. ஈர சென்சாருக்குச் சில மில்லிஆம்பியர். நமக்குத் தாராளம். வயர்லெஸ் மாட்யூல், எல்இடி பேனல் மாதிரி பசிக்காரப் பாகங்கள் இருந்தால் 5 வோல்ட்டிலிருந்து சொந்தமாக ஒரு ரெகுலேட்டர் வைக்க வேண்டிவரும். அங்கே ஒரு பொறி இருக்கிறது. புதிய பைகளில், ஷட்டவுன் செய்த பிறகு 5 வோல்ட் இருந்துகொண்டே 3.3 வோல்ட் மட்டும் அணைந்துவிடும் நிலை உண்டு. அப்போது நம் ரெகுலேட்டர் விழித்திருக்கும், பையின் சிப் தூங்கும். விழித்திருக்கும் நம் சிப்பின் பின்கள் வழியாகத் தூங்கும் சிப்புக்குள் கரன்ட் கசியும். இந்த நிலையிலும் போர்டு ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும் என்பதைத்தான் ஹேட்+ கண்டிப்பாகக் கேட்கிறது. பையின் 3.3 வோல்ட் வந்தால் மட்டும் ரெகுலேட்டர் விழிக்கும்படி, அதன் எனேபிள் பின்னை 3.3 வோல்ட் கோட்டோடு இணைத்துவிடுவது எளிய தீர்வு.

பெயர் சொல்லும் சிப்

ஒதுக்கப்பட்ட 27, 28 பின்களுக்கு இப்போது வருவோம். ஹேட் என்று பெயர் வைத்துக்கொள்ள வேண்டுமானால் இந்த இரண்டு பின்களிலும் ஒரு சின்ன ஈஈப்ராம் சிப் (கரன்ட் போனாலும் மறக்காத நினைவகம்) இருக்க வேண்டும். 24சி32 வகை, முகவரி ஹெக்ஸ் 50. இரண்டு கோட்டுக்கும் 3.9 கிலோ ஓம் புல்-அப்பை இங்கே நாம்தான் போட வேண்டும். வேறு எதையும் இந்தப் பின்களில் இணைக்கக் கூடாது.

பை பூட் ஆகும்போது, லினக்ஸ் எழுவதற்கு முன்பே, பையை எழுப்பும் மென்பொருளான ஃபர்ம்வேர் இந்தச் சிப்பைப் படிக்கும். யார் செய்தது, போர்டின் பெயர், வெர்ஷன், எந்தெந்த ஜிபிஐஓ எந்த நிலையில் இருக்க வேண்டும் எல்லாம் அதில் இருக்கும். கூடவே டிவைஸ் ட்ரீ ஓவர்லே என்ற ஒரு துண்டும் இருக்கும். 'இந்த முகவரியில் இந்தச் சிப் இருக்கிறது, இந்த டிரைவரை ஏற்று' என்று லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குச் சொல்வது அதுதான். போர்டை வாங்கியவர் செருகி ஆன் செய்தால் போதும். கான்ஃபிக் ஃபைலைத் திறந்து எதையும் எழுத வேண்டாம். இதே யோசனையை பீகிள்போன் என்ற இன்னொரு குட்டிக் கணினி 2011-லேயே தன் கேப் போர்டுகளில் வைத்திருந்தது; நான்கு கேப் வரை அடுக்கினாலும் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் காணும்.

ஈஈப்ராமில் எழுதத் தேவையான கருவிகளை ராஸ்பெரி பையே இலவசமாகக் கொடுக்கிறது. ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் விவரங்களை நிரப்பி, அதை பைனரி ஆக்கி, பையிலிருந்தே எழுதிவிடலாம். எழுதி முடித்த பின் யாரும் அழிக்காமல் இருக்க, சிப்பின் ரைட்-புரொடெக்ட் பின்னைப் புல்-அப்பில் வைத்து, எழுதும்போது மட்டும் கிரவுண்டில் தொடும்படி ஒரு ஜம்பர் விட வேண்டும்.

வீட்டுக்கு ஒரே ஒரு போர்டு செய்பவருக்கு இவ்வளவும் வேண்டுமா? வேண்டாம். கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரி சேர்த்தால் அதே காரியம் நடக்கும். ஆனாலும் சிப்புக்கும் இரண்டு ரெசிஸ்டருக்கும் பிசிபியில் இடம் விட்டுவைப்பேன். காலியாக விட்டால் செலவு ஒன்றும் இல்லை. நாளைக்கு நண்பர்கள் கேட்டால் சால்டர் செய்து கொடுக்கலாம்.

அளவும் ஓட்டையும்

ஹேட்டின் அளவு 65 மி.மீ நீளம், சுமார் 56 மி.மீ அகலம். மூலைகள் 3 மி.மீ ஆரத்தில் வளைந்திருக்கும். எம்2.5 திருகுக்கான ஓட்டைகள் நான்கு. நீளவாட்டில் 58 மி.மீ, அகலவாட்டில் 49 மி.மீ இடைவெளி. ஹெடர் அந்த மேல் இரண்டு ஓட்டைகளுக்கு நட்டநடுவில், அதே கோட்டில் உட்காரும். கிகேட் என்ற இலவச பிசிபி வடிவமைப்பு மென்பொருளில் ராஸ்பெரி பைக்கான டெம்ப்ளேட் இருக்கிறது. அதைத் திறந்து ஆரம்பித்தால் இந்த அளவுகளைக் கையால் வரைய வேண்டாம். கேமரா, டிஸ்ப்ளே ரிப்பன் கேபிள்கள் மேலே வர வழியாக ஒரு பிளவும் ஒரு வெட்டும் டெம்ப்ளேட்டில் இருக்கும். கேமரா பயன்படுத்தாதவர்கள் அதை மூடி இடத்தைச் சேமிக்கலாம். பை ஜீரோவின் அளவான 65-க்கு 30 மி.மீயில் செய்தால் பை ஜீரோ, பெரிய பை இரண்டிலும் உட்காரும். நம் ஈரம்-பம்ப் போர்டுக்கு அந்த அளவே போதும்.

ஹெடரில்தான் பலரும் சறுக்குகிறார்கள். நாம் வைக்கும் பெண் ஹெடர் போர்டின் அடிப்பக்கத்தில் இருக்கும். அதனால் மென்பொருளிலும் அதை அடிப்பக்கத்துக்குத் திருப்பிவிட்டால் ஒற்றை எண் வரிசையும் இரட்டை எண் வரிசையும் இடம் மாறிவிடும். 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 3.3 வோல்ட் வரும். சரிபார்க்க ஒரு வழி: போர்டை மேலிருந்து பார்க்கும்போது, பையை மேலிருந்து பார்த்தால் தெரியும் அதே வரிசை தெரிய வேண்டும். எஸ்டி கார்டு பக்கம் உள்வரிசையில் பின் 1, அதற்கு வெளியே விளிம்போரம் பின் 2. ஆர்டர் செய்வதற்கு முன் டிசைனை ஒன்றுக்கு ஒன்று அளவில் பேப்பரில் பிரின்ட் எடுத்து, வெட்டி, பையின் மேல் வைத்துப் பாருங்கள். ஓட்டை பொருந்துகிறதா, பின் 1 எங்கே வருகிறது, ஸ்க்ரூ டெர்மினல் யுஎஸ்பி ஜாக்கை இடிக்கிறதா எல்லாம் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஸ்க்ரீனில் எவ்வளவு உற்றுப்பார்த்தாலும் இது தெரியாது.

உயரத்தையும் மறக்க வேண்டாம். சாதாரண ஹெடர் வைத்தால் இரண்டு போர்டுகளுக்கும் இடையே ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான் இடம். 2018-இல் வந்த 3பி+ மாடலில் ஈதர்நெட் வழி மின்சாரத்துக்கான நான்கு பின்கள் ஹேட்டுக்கு அடியில் முளைத்தன. அந்த இடத்தில் நீண்ட சால்டர் முனைகள் இருந்த போர்டுகள் அதில் இடித்தன. பை 5-இல் கூலர் ஃபேன் வைத்தால் இன்னும் உயரம் வேண்டும். எம்.2 ஹேட்+ போர்டோடு 16 மி.மீ நீட்டு ஹெடர் கொடுப்பது அதற்காகத்தான்.

வெப்பமும் இதே மாதிரி கீழிருந்து வரும் விஷயம். 2015 டிசம்பரில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கே போன சென்ஸ் ஹேட்டில் வெப்பநிலை சென்சார் இருக்கிறது. பையின் சிபியு சூடு மேலே ஏறுவதால் அது அறை வெப்பநிலையைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பது அதைப் பயன்படுத்திய எல்லோருக்கும் தெரியும். நம் போர்டில் வெப்பநிலையும் அளக்க வேண்டுமென்றால் சென்சாரை வயரில் வெளியே தொங்கவிடுவதே மேல்.

டிராக் இழுப்பது

இரண்டு லேயர், 1.6 மி.மீ கனம், 35 மைக்ரான் காப்பர். சாதாரண ஆர்டர் இதுதான். நமக்கும் இதுவே போதும். சிக்னல் டிராக்குகள் (காப்பர் கோடுகள்) 0.25 மி.மீ அகலம் இருக்கலாம். பம்பின் கரன்ட் போகும் டிராக்கை 1 மி.மீக்குக் குறையாமல் வையுங்கள். ஏடிஎஸ்1115-இன் சப்ளை பின்னை ஒட்டி ஒரு 100 நானோஃபேரட் கெப்பாசிட்டர். அடிப்பக்கம் முழுக்க கிரவுண்டு காப்பர் ஊற்றிவிடுங்கள்.

கிரவுண்டு என்று பெயர் வைத்துவிட்டால் அங்கே எல்லா இடமும் பூஜ்ஜிய வோல்ட் என்று நினைத்துவிடுகிறோம். காப்பருக்கும் ரெசிஸ்டன்ஸ் உண்டு. இந்தக் கனத்தில் ஒரு சதுரத் துண்டுக்குச் சுமார் 0.5 மில்லி ஓம். 0.25 மி.மீ அகலத்தில் 25 மி.மீ நீளத்துக்கு ஒரு கிரவுண்டு டிராக் இழுத்தால் அது 100 சதுரம், அதாவது 0.05 ஓம். பம்பின் 0.3 ஆம்பியர் அந்த வழியாகத் திரும்பினால் இரு முனைகளுக்கும் இடையே 15 மில்லிவோல்ட் வித்தியாசம். 4.096 வோல்ட் அளவையில் ஏடிஎஸ்1115-இன் ஒரு படி 0.125 மில்லிவோல்ட். சென்சாரும் அதே டிராக்கில் கிரவுண்டைப் பிடித்திருந்தால், பம்ப் ஓடும் நொடியில் அளவு 120 படி தாவும். மண்ணில் எந்த மாற்றமும் இருக்காது.

ஆகவே 12 வோல்ட் ஜாக், பம்ப் டெர்மினல், மாஸ்ஃபெட், டயோடு நான்கையும் போர்டின் ஒரே ஓரத்தில் நெருக்கமாக வையுங்கள். பம்பின் கரன்ட் அங்கேயே வந்து அங்கேயே திரும்பிவிட வேண்டும். ஏடிசியும் சென்சார் டெர்மினல்களும் எதிர் ஓரத்தில். இரண்டு பக்கத்துக் கிரவுண்டும் ஹெடர் அருகில் சேரட்டும்.

சில்க்ஸ்கிரீனில் (போர்டின் மேல் அச்சாகும் எழுத்தில்) இடம் இருக்கும்வரை எழுதுங்கள்: எந்த டெர்மினல் எது, எது பிளஸ், எந்த ஜிபிஐஓ, போர்டின் வெர்ஷன் எண், தேதி. எழுத்துக்குத் தனிக் காசு கேட்பதில்லை.

வந்த பிறகு

கிகேட்டின் ஈஆர்சி (இணைப்புச் சோதனை), டிஆர்சி (போர்டு அளவு விதிச் சோதனை) இரண்டையும் ஓட்டி, கெர்பர் ஃபைல்களை (தொழிற்சாலை படிக்கும் போர்டு வரைபடங்களை) போர்டு செய்யும் நிறுவனத்துக்கு அனுப்பினால் போர்டு வரும். பொதுவாகக் குறைந்தபட்சம் ஐந்து போர்டு. சின்ன போர்டாக இருந்தால் போர்டின் விலையைவிடக் கொரியரும் வரியும் அதிகமாக இருக்கும். அதனால் அவசரம் இல்லையென்றால் முதலில் ஓட்டைகள் நிறைந்த டாட் போர்டில் சால்டர் செய்து சில வாரம் ஓட்டிப் பார்ப்பது லாபம்.

பாகங்களை சால்டர் செய்ததும் பையில் செருகிவிடாதீர்கள். மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் வைத்து, போர்டைத் தனியாக வைத்துக்கொண்டே பாருங்கள். 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் பீப் அடிக்கக் கூடாது. 3.3-க்கும் கிரவுண்டுக்கும் அடிக்கக் கூடாது. 5-க்கும் 3.3-க்கும் அடிக்கக் கூடாது. 12 வோல்ட் கோட்டுக்கும் ஹெடரின் எந்தப் பின்னுக்கும் அடிக்கவே கூடாது. பிறகு 12 வோல்ட்டை மட்டும் கொடுத்து, ஹெடரின் ஒவ்வொரு பின்னிலும் வோல்ட்டேஜ் பாருங்கள்; பேக்-பவரிங் செய்யாத போர்டில் எல்லாம் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும்.

அப்புறம் பையை அணைத்துவிட்டுச் செருகி, ஆன் செய்து, ஐ2சி பஸ்ஸை ஸ்கேன் செய்தால் 48 தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் பெரும்பாலும் சிப்பின் ஏதோ ஒரு கால் சரியாக சால்டர் ஆகியிருக்காது. பம்பைக் கடைசியில் மாட்டுங்கள். முதலில் அதன் இடத்தில் ஒரு 12 வோல்ட் எல்இடி பட்டையை வைத்து, பையை இரண்டு மூன்று தடவை ரீபூட் செய்து, பூட் ஆகும்போது அது மினுக்குகிறதா என்று கவனியுங்கள். மினுக்கவில்லை என்றால் பம்பை மாட்டி, சென்சாரை ஒரு டம்ளர் தண்ணீரில் அசையாமல் நிறுத்தி, பம்ப் ஓடும்போதும் நிற்கும்போதும் ஏடிசி தரும் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வித்தியாசம் நாலைந்து படிக்குள் இருந்தால் மாடிக்கு எடுத்துப்போகலாம். நூற்றுக்கணக்கில் தாவினால் கிரவுண்டு டிராக்குக்குத் திரும்ப வேண்டியதுதான். அதுவரைக்கும் பம்ப் ஓடாத நேரத்தில் மட்டும் ஈரத்தைப் படிக்கும்படி ஸ்கிரிப்டில் மாற்றிவிட்டால் முதல் வெர்ஷனை வைத்தே ஓட்டலாம்.